ஓரியின் மலைக்குச் சைக்கிளில் போனது

நாமக்கல்லில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால், கிழக்கும் வடக்கும் சந்திக்கும் மூலையில், யாரோ வானத்துக்கு மதில் எழுப்ப ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டதுபோலக் கொல்லிமலை நீண்டு கிடக்கும். மழை பெய்து ஓய்ந்த காலைகளில் அதன் மடிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும். கோடையில் வெறும் நீலக் கோடாக மங்கிவிடும். பிறந்தது முதல் நாள்தோறும் கண்ட மலையாயினும், இருபத்து நான்கு வயதுவரை நான் அதன்மேல் ஏறியது இரண்டே முறைதான். இரண்டு முறையும் ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தோடு கூட்டமாகப் பஸ்ஸில் நின்றுகொண்டு போனதால், ஞாபகத்தில் தங்கியவை முன்னால் நின்றவருடைய முதுகும், வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டிய குமட்டலுமேயன்றி வேறொன்றுமில்லை. ஆகையால், அந்த மலையை நான் உண்மையில் பார்த்தது 2000ஆம் ஆண்டு தை மாதத்தில், என் தாய்மாமனுடன் சைக்கிளில் ஏறிச் சென்றபோதுதான்.

மாமா சேந்தமங்கலத்தில் தமிழாசிரியராக இருந்தார். அவர் காலமாகி இப்போது ஆண்டுகள் பல ஆகிவிட்டன. கல்யாணமாயினும் கருமாதியாயினும், பத்து மைலாயினும் முப்பது மைலாயினும், வெள்ளை வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு சைக்கிளிலேயே செல்வது அவருடைய வழக்கம். பொங்கல் முடிந்த மறுவாரம் ஒரு நாள் மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டே, "மாப்பிள்ளே, வர்ற சனிக்கிழமை கொல்லிமலைக்குப் போலாம், சைக்கிள்லயே போலாம்" என்றார். உள்ளேயிருந்து என் தாயார், "அம்பது வயசுக்கு மேல உனக்கு எதுக்குடா இந்த வேலை? பையனையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போற" என்று அதட்டினார். "ஏறுறதுக்கு நாங்க எங்கக்கா போறோம்? தள்ளிக்கிட்டுத்தான் போறோம்" என்று மாமா சொன்ன மறுமொழியில் அடக்கமும் இருந்தது, உண்மையும் இருந்தது, அந்த வழியில் பாதிக்கு மேல் நாங்கள் தள்ளிக்கொண்டுதான் போனோம்.

இரண்டு நாள் சைக்கிள் கடையிலேயே கழிந்தது. சக்கரங்களைக் கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக வைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டைகளையும் மாற்றிக்கொண்டோம். காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான்கள், ஆளுக்கொரு கம்பளி, ஒரு சுருள் கயிறு, தாயார் வாழையிலையில் கட்டிக்கொடுத்த புளிச்சோறு, இவையே எங்கள் மூட்டை. இரண்டும் கியர் இல்லாத, கம்பி பிரேக் வைத்த கறுப்புச் சைக்கிள்கள். மலையேறுவதற்கென்றே செய்த வண்டிகளை இன்று இளைஞர்கள் ஓட்டிச் செல்வதைக் காணும்போது எனக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது. அந்நாளில் அத்தகைய வண்டியை நாங்கள் கண்ணால் கண்டதில்லை.

விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டேன். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் இன்னும் திறக்கவில்லை. நாமக்கல் பாறைக்கோட்டையின் கரிய உருவம் முதுகுக்குப் பின்னால் நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு நின்றது. சேந்தமங்கலத்தில் மாமா வாசலில் காத்திருந்தார். ஊருக்கு வெளியே, தத்தாத்ரேயர் கோயில் கொண்டிருக்கும் சன்னியாசிக் கரட்டை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். காளப்பநாயக்கன்பட்டி தாண்டுவதற்குள் பொழுது புலர்ந்துவிட்டது. மரவள்ளியும் நிலக்கடலையும் விளைந்த செம்மண் காடுகளுக்கு நடுவே அமைதியாகப் போன சாலை காரவள்ளியில் வந்து மலையின் காலடியில் முட்டி நிற்கிறது. அங்கே ஒரு டீக்கடையும் சில புளியமரங்களும் தவிர வேறு ஆரவாரமில்லை. சற்றுத் தள்ளி, சாலை முதன்முதலாகத் தன்மேலேயே திரும்பும் இடத்தில், மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் எழுதியிருந்தது: கொண்டை ஊசி வளைவு 1/70.

அந்தப் பலகையைப் படித்தவுடன் என் கால்கள் தளர்ந்ததை மாமா கண்டுகொண்டார் போலும். ஏறத் தொடங்குமுன் இரண்டு விதிகளைச் சொன்னார். முதலாவது, வளைவில் ஒருபோதும் உட்புறமாகத் திரும்பக் கூடாது. உள்விளிம்பில் சாலை ஏணிபோலச் செங்குத்தாக நிற்கும், வெளிவிளிம்பைச் சுற்றிக்கொண்டு போனால் அதே ஏற்றம் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் மேலேயிருந்து ஹாரன் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டாவது, பத்து வளைவுக்கு ஒருமுறை கட்டாயம் உட்கார வேண்டும். உட்காரும் ஒவ்வோர் இடத்திலும் ஓரியின் கதையில் ஒரு பகுதியை அவர் சொல்லுவார். அதைக் கேட்பதற்காகவாவது நான் அடுத்த பத்து வளைவுகளையும் ஏறுவேன் என்பது, முப்பது வருஷம் பிள்ளைகளை மேய்த்த ஆசிரியருடைய கணக்கு.

கீழ்ச்சரிவு வறண்ட காடு. உசிலையும் வெப்பாலையும் மூங்கிலும் கலந்து வளர்ந்து, தை மாதத்திலேயே பாதி இலை உதிர்த்து, பாறைகளுக்கு இடையே வேர்களைக் கோத்துக்கொண்டு நின்றன. எட்டாம் வளைவில் நாங்கள் மூச்சிரைத்துக் கீழே பார்த்தபோது, தலையில் ஒரு மூட்டையுடன் பெரியவர் ஒருவர் சாலையை விட்டுவிட்டுப் புதருக்குள் நுழைவதைக் கண்டோம். ஒன்பதாம் வளைவைத் தாண்டினால், அவர் எங்களுக்கு மேலே, கைப்பிடிச் சுவரில் அமர்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தார். மலைவாசிகள் இந்தச் சாலை போடுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாலேயே போட்டுக்கொண்ட குறுக்குப் பாதை அது. சாலை எழுபது முறை திரும்பிப் போகும் உயரத்தை அது நேராக வகிர்ந்துகொண்டு ஏறுகிறது. அன்று காலை முழுவதும் இதே விந்தை நடந்தது: நாங்கள் வளைந்து வளைந்து போய்ச் சேரும் இடத்திலெல்லாம் அவர் நேராக வந்து அமர்ந்திருந்தார். ஐந்தாம் முறை சந்தித்தபோது அவரே எழுந்து என் வண்டியின் கேரியரில் கை வைத்து இருபது முப்பது அடி தள்ளிவிட்டார். "வண்டி வெச்சிருக்கீங்க, நடந்து வர்றீங்களே சாமி" என்று அவர் வருத்தத்தோடு சொன்னது, எங்கள்மேல் கொண்ட மெய்யான இரக்கத்தால்தான்.

பத்தாம் வளைவில் மாமா கதையை ஆரம்பித்தார். இந்த மலைக்கு உடையவன் ஆதன் ஓரி. வில்லாற்றலினால் வல்வில் ஓரி எனப்பட்டவன். கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் ஏறிய குதிரைக்கும் ஓரி என்றே பெயர். இருபதாம் வளைவில் அவனுடைய அம்பு வந்தது. ஒரே அம்பு யானையைச் சாய்த்து, வாய் பிளந்த புலியைச் சாய்த்து, மானையும் காட்டுப்பன்றியையும் துளைத்துக்கொண்டு போய், புற்றுக்குள் கிடந்த உடும்பின் உடலில் தங்கியதாக வன்பரணர் பாடிய செய்தியை மாமா சொன்னபோது, வகுப்பறையில் இதே விஷயத்தைக் கேட்டு ஐயுற்ற நான், அங்கே ஐயுறவில்லை. முப்பதாம் வளைவில், அவன் யாரென்று அறியாத பாணர் கூட்டம் அவன் முன்னாலேயே அவன் புகழைப் பாட, தன் பெயரைத் தானே சொல்ல நாணிய அவன், தான் வேட்டையாடிய மானின் இறைச்சியையும் தேனையும், தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் எடுத்துக் கொடுத்து, வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்ன கதை. இதைச் சொல்லும்போது மாமாவின் குரல் தழுதழுத்தது. பேரைச் சொல்லாமல் கொடுப்பது அவருக்கு மிகவும் பிரியமான விஷயம். அவர் காலமான பின்புதான், எத்தனை பிள்ளைகளுக்கு அவர் பரீட்சைப் பணம் கட்டியிருந்தார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியவந்தது.

முப்பதுக்கு மேல் காடு மாறுகிறது. எந்த வளைவில் என்று கேட்டால் பஸ்ஸில் வருபவருக்குச் சொல்லத் தெரியாது. மிதித்தும் தள்ளியும் வருபவனுக்குத் தோல் சொல்லிவிடும்: ஒரு திருப்பத்தில் காற்று அனலாக முகத்தில் அடிக்கும், அதற்கு அடுத்த திருப்பத்தில் அதே காற்று ஈர மண்ணின் வாசனையோடு சில்லென்று கழுத்தில் படும், மீண்டும் வெயில் பக்கம் திரும்பினால் அனல், நிழல் பக்கம் திரும்பினால் குளிர். இப்படிச் சில வளைவுகள் வெயிலும் குளிரும் மாறி மாறி வந்து, பின்பு அனல் நின்றே போய்விடுகிறது. கீழே ஏரிகள் கண்ணாடிச் சில்லுகளாய்க் கிடந்தன. நாமக்கல் பாறை, களத்துமேட்டில் யாரோ மறந்து வைத்த அம்மிக்கல்லின் அளவே தெரிந்தது. நாற்பதாம் வளைவில் கொல்லிப்பாவையின் கதை. தன்னைக் கண்டவரைச் சிரித்து மயக்கிக் கொல்லும் அந்தத் தெய்வச் சிலையைப் பற்றி மாமா சொல்லி முடிப்பதற்குள், பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி மேலேறி வந்து எங்களிருவரையும் மறைத்துவிட்டது. சாலையும் இல்லை, மலையும் இல்லை. சைக்கிள் மணியின் ஓசை ஒன்றே நாங்கள் இருக்கிறோம் என்பதற்குச் சாட்சியாக இருந்தது. ஐம்பதுக்குமேல் சில்வர் ஓக் மரங்களும், அவற்றின்மேல் பச்சைச் சரங்களாகக் காய்த்துத் தொங்கிய மிளகுக் கொடிகளும், அடியில் காப்பிச் செடிகளும் தென்படலாயின. அறுபதாம் வளைவில், ஓரியைப் பாடிய பாணர்கள் பசியே இல்லாமற்போனதால் ஆடவும் பாடவும் மறந்தார்கள் என்ற செய்தி. "அப்புறம் மாமா?" என்றேன். "அப்புறம் அவன் செத்துப்போனான். அதை இந்த மலை மேல நின்னு சொல்லக் கூடாது. கீழே போய்ச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டார்.

எழுபதாம் பலகையை நாங்கள் கடந்தபோது பிற்பகல் இரண்டு மணி. சோளக்காடு என்ற ஊரில் வாழைத்தார்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மலை உச்சியில் ஏறிவிட்டால் சரிவு முடிந்து சிகரம் ஒன்று இருக்கும் என்று எண்ணுவது இயல்பு, கொல்லிமலையில் அப்படியில்லை. சுமார் ஆயிரம் மீட்டரிலிருந்து ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமுமாக ஒரு தனி உலகமே மேலே விரிந்து கிடக்கிறது. அந்த உலகத்தை நாடுகளாகப் பிரித்திருக்கிறார்கள்: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று அவற்றின் பெயர்களைக் கேட்கும்போதே சங்க காலத்துக் குறுநில மன்னர்களின் சபையில் நிற்பதுபோலத் தோன்றும். அங்கே வாழும் மலையாளிகள் மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் அப்பெயர் பெற்றவர்கள், கேரளத்தோடு சம்பந்தமில்லாதவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் மூவர் ஆளுக்கொரு மலையாகக் குடியேறினார்கள் என்பது அவர்களுடைய பரம்பரைச் செய்தி. பேசும் மொழி தமிழ்.

செம்மேட்டில் குதிரைமேல் வீற்றிருக்கும் ஓரியின் சிலைக்கு முன்னால் மாமா தம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் நின்றார். பின்பு வளப்பூர் நாட்டை நோக்கி மிதித்தோம். அந்தச் சாலையைப் போன்ற மனோகரமான சைக்கிள் பாதையை நான் அதற்குப் பின்பு எங்கும் கண்டதில்லை. ஒவ்வோர் இறக்கத்தின் அடியிலும் ஓர் ஓடை. ஓடைக்கு இருபுறமும் படிப்படியாக நெல் வயல். அதற்கு மேலே சாமை அறுத்த தாள் நிற்கும் மேட்டுக்காடு. அதற்கும் மேலே பலா மரங்களுக்கிடையில் ஐந்தாறு வீடுகள். மறுபடியும் ஓர் ஏற்றம், ஒரு சோலை, ஓர் இறக்கம். வீடுதோறும் வாசலில் காப்பிக் கொட்டை உலர்ந்துகொண்டிருந்தது. குழந்தைகள் மணியை அடிக்கச் சொல்லிக் கூடவே ஓடி வந்தன. மாமா சளைக்காமல் அடித்துக்கொண்டே வந்தார்.

அன்றிரவு தங்கியது மாமாவின் பழைய மாணவர் ஒருவருடைய வீட்டில். சேந்தமங்கலத்தில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு ஊர் திரும்பி விவசாயம் செய்துவந்த அந்த இளைஞர், "ஐயா, நீங்களா?" என்று கேட்டுவிட்டு மேற்கொண்டு ஒரு வார்த்தையும் பேச முடியாமல் சைக்கிளை வாங்கிச் சுவரில் சாய்த்தார். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே வட்டிலில் விழுந்தன. அந்தச் சோற்றின் ருசியை நாவு இன்னும் மறக்கவில்லை. பாணர்கள் பாட மறந்ததன் காரணம் விளங்கியது என்று நான் சொல்ல, மாமா வாய்விட்டுச் சிரித்தார்.

ஆனால் சாமை குறைந்துகொண்டு வருகிறது என்பதை அந்த வீட்டுப் பாட்டியம்மாள் தீயைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னார். முன்பெல்லாம் சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் விளைந்த காடுகளில் இப்போது மரவள்ளியை நட்டுவிடுகிறார்கள்; சேலம், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது; கையில் காசு வருகிறது. சாமையை வாங்கிப் போக யார் வருகிறார்கள்? அதை உரலில் குத்திக் குத்தி உமி நீக்குவதற்குள் பெண்களுக்குத் தோள்பட்டை கழன்றுவிடுகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மலையிலேயே தங்கிச் சிறுதானிய விதைகளைக் காப்பாற்றவும், உமி நீக்கும் இயந்திரங்களைக் கிராமங்களில் வைக்கவும் முயன்றுவந்த காலம் அது. குத்துகிற கஷ்டத்தைக் குறைத்தால்தான் சாமை பிழைக்கும் என்று அவர்கள் கண்டது எத்தனை சரியானது என்பதை, எந்த ஆராய்ச்சியும் படிக்காத அந்தப் பாட்டியம்மாளின் தோளைப் பார்த்தே நான் அறிந்துகொண்டேன். இன்று நகரங்களில் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்த சாமையை ஆரோக்கியத்தின் பொருட்டு விலை கொடுத்து வாங்கும் அன்பர்கள், அதைக் கைவிடாமல் வைத்திருந்த அந்தக் கைகளை ஒருமுறையாவது நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

மறுநாள் அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போனோம். அப்பரும் சம்பந்தரும் தம் பாடல்களில் பெயர் சொல்லி நினைத்த தலம். அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடியதும் இவ்வீசர்மேல்தான். கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. ஐயாறு முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுந்து புளியஞ்சோலைப் பக்கம் போகிறது. அருவியை வர்ணித்தவர்கள் பலர். நான் குளித்தேன், குளிரில் நடுங்கினேன், அவ்வளவே.

திங்கட்கிழமை இறங்கினோம். ஏறும்போது பகை கொண்டவைபோல நின்ற பலகைகள் இப்போது அறுபத்தெட்டு, அறுபத்தேழு என்று தாமாகவே ஓடி வந்தன. இறங்குவதுதான் கஷ்டம் என்று மாமா எச்சரித்திருந்தும், காற்று காதில் இரைந்த சுகத்தில், பத்துக்கு ஒருமுறை நின்று ரிம்மின் சூடு ஆறவிட வேண்டும் என்ற அவருடைய விதியை நான் இரண்டு முறை மீறினேன். இருபத்து நான்காம் வளைவை நெருங்கியபோது ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. முன் பிரேக்கின் கட்டை தேய்ந்து இரும்பு இரும்பை உரசிக் கீறிச்சிட்டது. பதறிப்போய்ப் பின் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க, கம்பியின் மரை கழன்று பிடி கையோடு தொங்கியது. இடப்புறம் மண்சரிவு, வலப்புறம் பாதாளம். எப்படியோ இடப்புறம் சாய்த்து, சரிவில் மோதி விழுந்தேன். முழங்காலில் தோல் உரிந்ததைத் தவிர வேறு சேதமில்லை. மாமா வந்து பார்த்தார். திட்டவில்லை. முழங்காலைத் தண்ணீரால் கழுவி, தம் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டுச் சாலையோரத்தில் எதையோ தேடலானார்.

ஏதோ லாரி மோதி முறிந்து, பட்டையில் மட்டும் ஒட்டித் தொங்கிய உசிலைக் கிளை ஒன்று இருந்தது. ஆளுயரத்துக்கு மேல் இருக்கும், நல்ல அடர்த்தியான தழை. அதைத் திருகி எடுத்து வந்து, சுருள் கயிற்றை அவிழ்த்து என் கேரியரில் கட்டி, தழைப்புறம் தரையில் இழுபடும்படி விட்டார். "எங்கப்பா காலத்துல இப்படித்தான் மலை இறங்குவாங்க. இப்ப ஏறி உக்காரு, காலைத் தரையில வெக்கத் தயாரா இரு" என்றார். நான் ஏறினேன். வண்டி நகர்ந்தது, கிளை இழுத்துப் பிடித்தது. ஆள் ஓடும் வேகத்துக்குமேல் அது போகவே விடவில்லை. சரசரவென்று சாலையைக் கூட்டிக்கொண்டு பின்னால் வரும் தழை, வெயிலில் காய்ந்த தாரில் உரசி நசுங்க நசுங்க, அதன் வாசனை எழுந்தது. எங்கள் பக்கத்தில் உசிலையைத்தான் அரப்பு என்பார்கள். சனிக்கிழமைதோறும் என் தாயார் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிடும் அதே அரப்பின் வாசனை, வளைவு வளைவாக மலையிலிருந்து என்னைப் பின்தொடர்ந்து இறங்கி வந்தது.

காரவள்ளி டீக்கடையில் கயிற்றை அவிழ்த்தபோது கிளையில் தழை பாதிதான் மிஞ்சியிருந்தது. கடைக்காரருடைய ஆடுகள் வந்து அதையும் தின்னத் தொடங்கின. அவரிடமே ஒரு ஸ்பானர் வாங்கி, மாமா பிரேக் கம்பியை முடுக்கிக் கொடுத்தார்.

காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. இரண்டு டைனமோக்களும் ஒருசேர முனகிக்கொண்டு வந்தன. மாமா தாமாகவே கதையை எடுத்தார். சேரனுக்குத் துணையாக மலையமான் திருமுடிக்காரி தன் கறுப்புக் குதிரையில் ஏறி வந்தான். அவன் குதிரைக்கும் காரி என்றே பெயர். போரில் ஓரி பட்டான். கொல்லிமலை சேரன் கைக்குப் போயிற்று. வென்ற காரி ஓரியின் ஊருக்குள் பெருந்தெருவில் நுழைந்தபோது, ஊர் முழுவதும் ஒரே குரலாக ஆரவாரித்ததைக் கபிலர் ஓர் உவமையாக மட்டும் வைத்துப் பாடியிருக்கிறார். இவ்வளவையும் சொல்லிவிட்டு மாமா பேசாமல் மிதித்தார். மலை எங்களுக்குப் பின்னால் இருட்டோடு இருட்டாகிவிட்டது.

வெகு நேரம் கழித்து நான் கேட்டேன்: "மாமா, அந்தக் குதிரை என்ன ஆச்சு? ஓரியோட குதிரை?"

"எனக்குத் தெரிஞ்சு யாரும் பாடலையே மாப்பிள்ளே" என்றார். சேந்தமங்கலத்து விளக்குகள் தெரியும்வரை அதைப்பற்றியே யோசித்துக்கொண்டு வந்திருப்பார்போலும். வீட்டு வாசலில் இறங்கிச் சைக்கிளை உள்ளே ஏற்றுமுன், அதன் இருக்கையில் படிந்திருந்த மலைப் புழுதியைத் துண்டின் கிழியாத பாதியால் மெல்லத் துடைத்துவிட்டார்.